பருப்புத் தண்ணி போதாது

பேத்திக்கு எட்டு மாதம் நடந்தபோது அங்கன்வாடித் தராசில் வைத்தோம். 6 கிலோ. அதற்கு முந்தின இரண்டு மாதமும் அதே 6 கிலோதான். "கோடு படுத்துடுச்சே, அக்கா" என்று எடை அட்டையைக் காட்டினார் டீச்சர். எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. மகள் மில்லுக்குப் போய்விடுவதால், பகலில் குழந்தைக்கு ஊட்டுகிறவள் நான்தானே!

முதலில் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டினோம். நோய் எதுவும் இல்லை. "என்னம்மா கொடுக்கறீங்க?" என்றார். "பருப்புத் தண்ணி, சாதம் வடிச்ச கஞ்சி" என்றேன் பெருமையாக. "தண்ணிதான் வயித்தை நிரப்புது. எடை எங்கேயிருந்து ஏறும்?" என்றார். என் மூன்று பிள்ளைகளுக்கும் நான் கொடுத்தது அதுதான். யாரைக் குறை சொல்வது?

குழந்தை குண்டா ஒல்லியா என்பதைவிட, போன மாதத்துக்கு இந்த மாதம் ஏறியதா என்பதே முக்கியம் என்று டீச்சர் விளக்கினார். 1980-ல் நம் பகுதி மதுரை மாவட்டத்தோடு இருந்தபோது, தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் துவங்கியதாம். மாதாமாதம் எடை பார்த்து, ஏறாத குழந்தைகளுக்கு 90 நாள் கூடுதல் உணவு கொடுத்தார்களாம். நாங்களும் 90 நாள் கணக்கு வைத்துக்கொண்டோம்.

செய்தது இவ்வளவுதான்:

* தாய்ப்பாலை நிறுத்தவில்லை. மகள் வேலைக்குப் போகுமுன், வந்தபின், இரவில் என்று கொடுத்தாள்.
* பருப்பின் தண்ணியை விட்டுவிட்டு, பருப்பையே சாதத்தோடு மசித்தேன். கரண்டியைச் சாய்த்தால் வழியக்கூடாது, அதுதான் பதம்.
* ஒவ்வொரு வேளையும் ஒரு டீஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய். சின்ன வயிற்றுக்குக் கொஞ்ச உணவிலேயே பலம் சேர இதுதான் வழி.
* அங்கன்வாடி சத்துமாவுக் கூழ், முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் மாற்றி மாற்றி. முளைகட்டிய மாவு அவ்வளவாக இறுகாது. அதனால் அதே கிண்ணத்தில் மாவைக் கூட்டிப் போடலாம்.
* வேகவைத்த முட்டை, மசித்த கீரை, வாழைப்பழம். தை மாதம் கூடை கூடையாய் வாழைப்பழம் சூறைவிடும் ஊர்க்காரி நான். சளி பிடிக்கும் என்று பேத்திக்கு மட்டும் தடுத்து வைத்திருந்தேன்!
* அரைக் கிண்ணம் வீதம் மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை கொறிக்க ஏதாவது. மறுத்தால் திணிக்காமல், அரை மணி கழித்து மறுபடி.

"டின் பவுடர் வாங்கிப் புட்டியில கொடு, கொழுகொழுன்னு ஆயிடும்" என்றார் பக்கத்து வீட்டு மதினி. புட்டி சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். ஏறின எடையும் இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதல் மாதம் 200 கிராம்தான் ஏறியது. மகள் அழுதுவிட்டாள். மூன்றாம் மாத முடிவில் 6 கிலோ 900. இன்னும் ஒல்லிதான். ஆனால் அட்டையில் கோடு எழுந்து நடக்கிறது. பேத்தியும் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கிறாள்.

இளம் தாய்மார்களே, அடுத்த வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். மாதம் ஒருமுறை தராசில் வையுங்கள். இரண்டு மாதம் ஏறாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே கிண்ணத்துக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்: இருப்பது சோறா, தண்ணியா?

— ஒரு வாசகி, சேவுகம்பட்டி