ஃப்ளைவீலைச் சீவுவதற்கு முன்

பிக்கப் வண்டியை மாற்றிக் கட்டும் பையன்கள் டயர், சைலன்சர், எஞ்சின் கம்ப்யூட்டர் ரீமேப் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக லேத் பட்டறைக்கு வருகிறார்கள். கழற்றிய ஃப்ளைவீலை மேசைமேல் வைத்து, "பன்னெண்டு கிலோ இருக்குதுங்ணா, எட்டுக்குக் கொண்டாந்துருங்க, வண்டி கும்முனு ஏறோணும்" என்கிறார்கள். கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் நான் இந்த வேலையை எடுப்பதில்லை. பக்கத்துப் பட்டறைகளும் எடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

முதலில் அந்தச் சக்கரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சினில் கிராங்க் அரைச் சுற்று சுற்றுவதற்குள் ஒரு தள்ளல் கிடைக்கும். அதே அரைச் சுற்றில் இன்னொரு சிலிண்டர் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்கப் பாடுபடும். 800 ஆர்பிஎம் ஐடிலிங்கில் வினாடிக்கு இருபத்தாறு, இருபத்தேழு தடவை இந்தத் தள்ளலும் இழுப்பும் நடக்கின்றன. நடுவே வேகம் விழாமல் தாங்குவது ஃப்ளைவீல். குயவர் சக்கரத்தின் விளிம்பில் பாரம் வைப்பதும் இதற்காகத்தான். கோலால் ஒருமுறை சுழற்றிவிட்டால் கை மண்ணில் இருக்கும்போதும் சக்கரம் நிற்காது.

பள்ளிக்கூடத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்று படித்திருப்பீர்கள். எடை எவ்வளவு என்பதோடு, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் அதில் சேரும். தூரம் இரண்டு மடங்கானால் விளைவு நான்கு மடங்கு. 28 செ.மீ. விட்டமுள்ள 12 கிலோ சக்கரத்தின் விளிம்போரமாக 4 கிலோவைச் சீவினால், எடையில் குறைவது மூன்றில் ஒரு பங்குதான். சுழற்சியைத் தாங்கும் பலமோ ஏறத்தாழப் பாதியாகிவிடும். தராசு காட்டும் கணக்கு வேறு, சாலையில் வண்டி காட்டும் கணக்கு வேறு.

இதனால் வேகம் கிடைக்காதா? கிடைக்கும். முதல் கியரில் எஞ்சின் பதினாறு சுற்று சுற்றினால் டயர் ஒரு சுற்று சுற்றும் பிக்கப்பில், அந்த 4 கிலோவைச் சீவுவது வண்டியிலிருந்து 125 கிலோவை இறக்கி வைப்பதற்குச் சமம். ஐந்தாவது கியரில் அதே சீவல் 5 கிலோவுக்குத்தான் சமம். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது ஒன்றுமே தெரியாது. காலி வண்டியை முதல் கியரில் மிதித்தால் ஐந்தாறு சதவீதம் சுறுசுறுப்பு தெரியும். ஆக்சிலரேட்டரைத் தட்டினால் எஞ்சின் சட்டென்று சீறும். அந்தச் சீறலைக் கேட்டுத்தான் பையன்கள் மயங்குகிறார்கள்.

அந்த முதல் கியரில்தான் பாரம் ஏற்றிய வண்டிக்கு ஃப்ளைவீலின் தயவு தேவைப்படுகிறது. 1,500 ஆர்பிஎம்மில் சுற்றும் 12 கிலோ சக்கரத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல், வண்டியும் பாரமுமாக 3,000 கிலோவை நிலையிலிருந்து மெல்ல நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறையப் போதும். சீவிய பிறகு அதில் பாதிதான் மிஞ்சும். மீதிக்கு ஓட்டுநர் 2,000 வரை எஞ்சினை ஏற்றி, ஹாஃப் கிளட்சில் இழுக்க வேண்டும். அந்த உரசலின் சூட்டை உறிஞ்ச வேண்டியதும் இதே இரும்புதான், அதையும் குறைத்தாயிற்று. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகிற வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் போகும் பஸ் வளைவில் நின்றால் பின்னால் வருகிற வண்டியும் ஏற்றத்தில் நின்றுதான் கிளம்ப வேண்டும். கிளட்ச் கருகும் வாடை வந்த வண்டிகளைக் கழற்றிப் பார்த்தால் ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகளும் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். தொழிற்சாலை எடையிலேயே இப்படி என்றால் சீவியதை நினைத்துப் பாருங்கள்.

பந்தயக் கார் வேறு. சோழவரம் விமான ஓடுதளத்தில் ஓடிய காலத்திலிருந்து நம் ஊர் ரேஸ்காரர்கள் ஃப்ளைவீலை இலேசாக்கி வந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார் கட்டிய மரபும், அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடமும் எனக்குப் பெருமை. அங்கே வண்டி நின்று கிளம்புவது ஒரே ஒரு தடவை. ஏறுவது ஓர் ஆள். எஞ்சின் எப்போதும் உச்சத்தில் சுற்றும். கியரைக் குறைக்கும்போது அது உடனே ஏறி இறங்க வேண்டும். அந்த வேலைக்கு இலேசான ஃப்ளைவீல்தான் சரி. அதையும் எஃகில் கடைந்து போடுவார்கள்.

நான் பயப்படுவது வார்ப்பிரும்புக்கு. அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. சுற்றும் சக்கரத்தின் விளிம்பில் இருப்பது முழுக்க இழுப்புதான். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் அந்த இழுப்பு நான்கு மடங்கு. ரீமேப் போட்டு எஞ்சின் உச்சத்தைக் கூட்டி, அதே கையோடு சக்கரத்தையும் மெலிதாக்கினால் இரண்டு பக்கமும் கத்தி. ஃப்ளைவீல் இருப்பது ஓட்டுநரின் பாதத்துக்கு முன்னால். நடுவில் இருக்கும் மெல்லிய அலுமினிய உறை தூசியைத் தடுக்கும், சிதறும் இரும்பைத் தடுக்காது. அமெரிக்காவில் டிராக் பந்தயம் நடத்தும் என்ஹெச்ஆர்ஏ, வேகமான வண்டிகளுக்கு எஸ்எஃப்ஐ பாதுகாப்பு முத்திரை பெற்ற ஃப்ளைவீலும் கிளட்சும் வேண்டும் என்கிறது; வெடிப்பைத் தாங்கும் தனி உறையும் கேட்கிறது. கால்களை இழந்த பிறகு எழுதப்படும் விதிகள் இவை.

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஆனால் ஃப்ளைவீல் எடை ஆர்.சி.யில் ஏறுவதில்லை. எஃப்.சி.க்கு வரும் வண்டியின் கிளட்சை எந்த ஆய்வாளரும் கழற்றிப் பார்ப்பதில்லை. ஆக, தடுக்கக்கூடிய ஒரே ஆள் லேத்தை ஓட்டுகிறவர்.

சில புது வண்டிகளில் இன்னொரு விஷயம் இருக்கிறது. அதிர்வை விழுங்க இரண்டு தட்டுகளும் நடுவில் ஸ்பிரிங்குகளுமாக வரும் டூயல் மாஸ் ஃப்ளைவீல். ஜெர்மனியின் லூக் நிறுவனம் 1985-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. அதை லேத்தில் ஏற்றவே கூடாது. எடுத்துவிட்டு ஒற்றைத் தட்டு போட்டால், அதிர்வை ஏற்கும் ஸ்பிரிங் உள்ள கிளட்ச் பிளேட் கட்டாயம். போடாவிட்டால் ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் கடகடவென்று அடித்துக்கொள்ளும்.

சரி, ஆசை விடவில்லை என்கிறவர்களுக்கு. பாரம் ஏற்றும் வண்டியென்றால் கை வைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குக் காலியாக ஓடும் பிக்கப் என்றால், சீவாமல் புதிதாகக் கடைந்த எஃகுச் சக்கரம் வாங்குங்கள்; அதுவும் தொழிற்சாலை எடையில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் குறையாமல். அலுமினியம் டவுன் டிராஃபிக்குக்கு வேண்டாம். கிராங்க் சென்சார் படிக்கும் துளையோ பல்லோ ஃப்ளைவீலில் இருந்தால் அது இம்மியும் மாறக் கூடாது, மாறினால் எஞ்சின் கிளம்பாது. பிரஷர் பிளேட்டையும் சேர்த்து மாட்டித்தான் பேலன்ஸ் பார்க்க வேண்டும். போல்ட் புதிது.

அதற்கும் முன்னால் டயரைப் பாருங்கள். 70 செ.மீ. விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 78 செ.மீ. டயர் போட்டால் எல்லாக் கியரிலும் இழுவை பத்து சதவீதம் போய்விடும். முதல் கியரில் மட்டும் ஐந்தாறு சதவீதம் மீட்க ஃப்ளைவீலைச் சீவுகிறார்கள். பழைய அளவு டயரைத் திரும்பப் போட்டாலே வண்டி ஏறும், காசும் மிச்சம்.

பட்டறைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். எஃகுச் சக்கரம் மாட்டிக் கொடுத்தாலும் பழைய எடை, புது எடை, பேலன்ஸ் அளவு மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். பையன்கள் இரண்டு வருஷத்தில் வண்டியை விற்றுவிடுவார்கள். அதை வாங்கித் தேங்காய் ஏற்றப் போகிறவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துத் தெரிய வேண்டும்.