பறிபோகும் மூன்றாவது எட்டு மணி நேரம்

ஒரு மனிதனுக்கு நாளொன்றுக்கு எத்தனை மணி நேர உறக்கம் தேவை? மருத்துவர்கள் விடை சொல்ல வேண்டிய இக்கேள்விக்கு, இன்றைய இந்தியாவில் ஆட்சியாளர்களும் பெருமுதலாளிகளும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

தாம் மூன்று, நான்கு மணி நேரமே உறங்குவதாக 2019 தேர்தல் நேரத்தில் திரைப்பட நடிகர் ஒருவருக்கு அளித்த பேட்டியில் பிரதமர் மோடி பெருமையோடு சொன்னார். 2022 மார்ச்சில் மகாராஷ்டிர பாஜக தலைவராக இருந்த சந்திரகாந்த் பாட்டீல் அதையும் விஞ்சினார். பிரதமர் இரண்டு மணி நேரமே உறங்குகிறார், உறங்கவே தேவையில்லாத நிலையை எட்டச் சோதனை செய்துவருகிறார் என்றார். 2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தின் தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் 90 மணி நேர வாரத்தைப் போற்றினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் மனைவியின் முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேலியும் செய்தார். அவருடைய 2023-24ஆம் ஆண்டு ஊதியம் சுமார் 51 கோடி ரூபாய். அது அந்நிறுவன ஊழியர்களின் இடைநிலை ஊதியத்தைப் போல 500 மடங்குக்கும் அதிகம்.

வாரம் 90 மணி நேரம் என்றால், ஏழு நாளும் விடுப்பின்றி நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம். வாய்த்துடுக்கான பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. பேச்சு முன்னே வந்தது. சட்டம் பின்னே வந்தது. 2025 செப்டம்பர் 3 அன்று மகாராஷ்டிர அமைச்சரவை, தொழிற்சாலைகளில் நாளொன்றின் வேலை நேர உச்சவரம்பை 9 மணியிலிருந்து 12 மணியாகவும், கடைகளிலும் நிறுவனங்களிலும் 9 மணியிலிருந்து 10 மணியாகவும் உயர்த்த ஒப்புதல் அளித்தது. காலாண்டுக்கு 115 மணி நேரமாக இருந்த மிகைநேரப் பணியின் வரம்பு 144 மணி நேரம் ஆகிறது. நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குறைவாக உறங்குவதே தேசபக்தி என்னும் உபதேசத்தின் உண்மையான பொருள் இதுதான்.

உடலின் கணக்கு

வயது வந்த ஒருவருக்கு நாள்தோறும் ஏழு மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் வேண்டும். வளரிளம் பருவத்தினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். மருத்துவ உலகின் பொதுவான பரிந்துரை இது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021 மே மாதம் வெளியிட்ட கூட்டு ஆய்வின்படி, நீண்ட வேலை நேரத்தின் விளைவாக 2016ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் பக்கவாதத்துக்கும் இதயநோய்க்கும் பலியாயினர். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம். இரவுப்பணி புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலேயே வகைப்படுத்தியது. 2019இல் அதை மீண்டும் உறுதிசெய்தது.

ஆகவே நாராயணமூர்த்தியின் 70 மணி நேரமும் சுப்பிரமணியனின் 90 மணி நேரமும் உயிரைக் குடிக்கும் கணக்குகள். அவற்றைச் சொல்பவர்கள் குளிரூட்டிய அறையில் உறங்கி, காரில் அலுவலகம் செல்பவர்கள். அவர்களுக்குச் சமைப்பவரும், துவைப்பவரும், காரோட்டுபவரும் வேறு ஆட்கள்.

தாராவியின் இரவு

இதே கணக்கைத் தாராவியில் போட்டுப் பார்ப்போம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்குச் செல்லும் ஒரு தொழிலாளிக்கு மின்ரயிலிலும் பேருந்திலும் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து மணி நேரம் போயிற்று. மீதமுள்ள ஒன்பது மணி நேரத்தில்தான் பொதுக் கழிப்பறை வரிசை, குழாயடி, குளியல், சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு அத்தனையும். உறக்கத்துக்கு ஐந்து மணி நேரம் மிஞ்சினால் அது பெரிது. அந்த ஐந்து மணி நேரமும் எங்கே கழிகிறது? தகரக் கூரையின் கீழ், காற்று நுழையாத ஒற்றை அறையில், நான்கைந்து பேர் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டு. தோல் பட்டறையிலும் தையல் பட்டறையிலும் உழைப்பவர்களில் பலர், எந்திரத்துக்குப் பக்கத்திலேயே பாய் விரிக்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் பட்டறை ஓடும் இடத்தில் அந்த விதி எந்த மூலையில் கிடக்கிறது?

பெண்களின் நிலை இன்னும் கொடியது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் காலைச் சிற்றுண்டிக்கு வரும் இட்லியில் ஒரு பகுதி தாராவித் தமிழ்க் குடும்பங்களின் அடுப்பில் வெந்தது. விடிவதற்கு முன்பே அந்த அடுப்பு எரிய வேண்டும். அதற்கும் முன்பே ஒரு பெண் எழுந்திருக்க வேண்டும். வீட்டுவேலைக்குச் செல்லும் பெண், தன் வீட்டு வேலையை முடித்த பிறகே அடுத்த வீட்டு வேலைக்குப் போகிறாள். 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வு, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஊதியமின்றி நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள் என்கிறது. ஆண்களோ 88 நிமிடங்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டோடு இந்த 289 நிமிடங்களையும் கூட்டுங்கள். உறக்கம் எங்கிருந்து பிடுங்கப்படும் என்பது விளங்கும்.

மின்விளக்கு யார் கையில்?

மும்பைத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றில் உறக்கத்துக்கான போராட்டம் நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. 1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 மணி நேர வரம்பை விதித்தது. வயது வந்தோருக்கு எந்த வரம்பும் இல்லை. 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே திரட்டிய ஆலைத் தொழிலாளர்கள் சுமார் 5,500 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டனர். காலை 6.30 மணிக்குத் தொடங்கும் வேலை சூரியன் மறையும்போது முடிய வேண்டும், நண்பகலில் அரைமணி ஓய்வு வேண்டும், ஞாயிறு விடுமுறை வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். ஞாயிறு விடுமுறை 1890 ஜூன் 10 அன்று கிடைத்தது.

1905 வாக்கில் மும்பை ஆலைகளுக்கு மின்விளக்கு வந்தது. சூரியன் மறைந்தால் வேலை முடியும் என்ற இயற்கையின் வரம்பும் அதோடு மறைந்தது. வேலை நாள் 14, 15 மணி நேரமாக நீண்டது. கிர்ணகாவ் ஆலைப் பகுதியின் சால் அறைகளில், இரவு ஷிப்டு முடித்து வந்தவர், பகல் ஷிப்டுக்குப் போனவரின் பாயில் படுத்தார். மனிதனின் இருளைப் போக்க வந்த விளக்கை, முதலாளித்துவம் மனிதனின் இரவைப் பறிக்கும் கருவியாக்கியது. இன்று கைப்பேசியும் செயலியும் அதே வேலையைச் செய்கின்றன.

தொழிலாளர்கள் பணிந்துவிடவில்லை. 1911இல் நெசவாலைகளில் 12 மணி நேர வரம்பு வந்தது. 1920 வேலைநிறுத்தத்தால் மும்பை ஆலைகள், சட்டம் வருவதற்கு முன்பே 10 மணி நேரத்துக்கு இறங்கின. 1922இல் வாரம் 60 மணி, 1934இல் 54 மணி, அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தபோது 1946இல் 48 மணி என வரம்பு இறங்கிற்று. இடையில் 1928இல் செங்கொடியின் கீழ் ஆறு மாதம் நீடித்த கிர்ணி காம்கார் யூனியனின் மாபெரும் வேலைநிறுத்தம் நடந்தது. 1920இல் கைவிட்டுப்போன 12 மணி நேரத்தைத்தான் முதலாளிகள் இப்போது திரும்பக் கேட்கிறார்கள்.

மூலதனத்தின் முதல் தொகுதியில் வேலை நாளைப் பற்றிய அத்தியாயத்தில், 1863இல் லண்டனில் மாண்ட ஓர் இருபது வயதுத் தையல் தொழிலாளிப் பெண்ணின் கதையை மார்க்ஸ் பதிவு செய்கிறார். சீமாட்டிகளின் விருந்து உடைகளுக்காக அவள் இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் உழைத்தாள். படுக்கையில் விழுந்தவள் பிறகு எழவில்லை. உழைப்புச் சக்தியை மீட்டெடுக்கும் உறக்கத்தையும் மூலதனம் தனக்குச் சேர வேண்டிய நேரமாகவே கருதுகிறது என்பதை அந்த அத்தியாயம் முழுவதும் அவர் நிறுவுகிறார்.

"தொழிலாளர்களே விரும்புகிறார்களே!"

ஆட்சியாளர்களின் வாதம் ஒன்று உண்டு. தொழிலாளியின் சம்மதத்தோடுதான் மிகைநேரப் பணி, அதற்கு இரட்டிப்பு ஊதியம், இதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். நம்முடைய கிளைக் கூட்டங்களிலும் சில தோழர்கள் இதே ஐயத்தை எழுப்புவதுண்டு. ஓ.டி. வேண்டாம் என்றால் தொழிலாளர்களே நம்மீது கோபப்படுவார்கள் என்கிறார்கள்.

ஓ.டி.யை நம்பியே வாடகை கொடுக்கும் தொழிலாளியின் நிலைமை உண்மைதான். ஆனால் அது எதைக் காட்டுகிறது? எட்டு மணி நேர உழைப்புக்கான கூலி குடும்பம் நடத்தப் போதவில்லை என்பதைக் காட்டுகிறது. போதாத கூலியைக் கொடுத்துவிட்டு, பசியிடமிருந்து பெறும் கையெழுத்துக்குச் சம்மதம் என்று பெயரிடுகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி மறுத்தால் மறுநாள் வாயிற்கதவு அவருக்குத் திறக்காது. மேலும், 24 மணி நேரம் ஓடும் ஆலைக்கு எட்டு மணி நேர முறையில் மூன்று ஷிப்டு ஆட்கள் தேவை. பன்னிரண்டு மணி நேர முறையில் இரண்டே போதும். மூன்றில் ஒருவர் வேலையிழப்பார். மிஞ்சிய இருவர் உறக்கமிழப்பர். வேலையிழந்த மூன்றாமவரைக் காட்டியே அந்த இருவரின் கூலியும் நாளை அழுத்தப்படும். எனவே ஓ.டி. வேண்டும் என்னும் தொழிலாளியிடம் சண்டையிடுவது நம் வேலையன்று. எட்டு மணி நேரத்துக்கே வாழத்தக்க கூலி என்ற கோரிக்கையை அவரோடு சேர்ந்து எழுப்புவதே நம் வேலை.

யாருடைய உறக்கத்துக்கு உரிமை?

உறக்கம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று, ராம்லீலா மைதான வழக்கில் 2012 பிப்ரவரி 23 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. அமலாக்கத்துறை ஒரு முதியவரை நள்ளிரவு தாண்டியும் விசாரித்த வழக்கில், உறங்கும் உரிமையைப் பறிக்க முடியாது என்று 2024 ஏப்ரலில் மும்பை உயர்நீதிமன்றம் கண்டித்தது. இத்தீர்ப்புகளை வரவேற்கிறோம். ஆனால் ஆலை வாயிலுக்குள் இந்த உரிமை நுழைவதில்லை.

2020 மே 8 அதிகாலையை மறக்க முடியுமா? ஊரடங்கில் வேலையும் கூலியும் இழந்து, ஜால்னாவிலிருந்து மத்தியப் பிரதேசம் நோக்கித் தண்டவாளத்தின் வழியே நடந்த புலம்பெயர் தொழிலாளர்கள், களைப்பால் அங்கேயே உறங்கிவிட்டனர். அவுரங்காபாத் மாவட்டம் கர்மாட் அருகே சரக்கு ரயில் ஏறி 16 பேர் மாண்டனர். தண்டவாளத்தில் ஏன் உறங்கினார்கள் என்று கேட்டவர்கள், அவர்களை நடக்கவிட்டது யார் என்று கேட்கவில்லை. அதே ரயில்வேயில், 16 மணி நேர ஓய்வோடு 30 மணி நேர வார ஓய்வும் வேண்டும், தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் பணி கூடாது என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் போராடினர். அது அவர்களுக்காக மட்டும் எழுந்த கோரிக்கையன்று. நள்ளிரவு ரயிலில் நம்பிக்கையோடு கண்ணயரும் ஒவ்வொரு பயணியின் உயிரும் அதில் அடங்கியிருக்கிறது.

தாராவி மறுசீரமைப்பையும் இந்தக் கண்ணோட்டத்தில் காண வேண்டும். அதானி குழுமத்துக்கு 80 சதவீதப் பங்குள்ள இத்திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்போருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பின்னர் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் வெளியேதான் இடம். அதற்காகக் குறிக்கப்பட்டவற்றுள் முலுண்ட், காஞ்சூர்மார்க் உப்பள நிலங்களும், செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைமேடும் உள்ளன. இன்று வீட்டுப் படியிறங்கினால் வேலைத்தலம் என்றிருப்பவர், நாளை ரயிலுக்கும் பேருந்துக்கும் தினம் சில மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். சட்டம் ஒரு பக்கம் உறக்கத்தைத் தின்னும்; இடப்பெயர்ப்பு மறுபக்கம் தின்னும்.

தமிழகம் காட்டிய வழி

இத்தாக்குதலை முறியடிக்க முடியும். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவகுக்கும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. ஆளுங்கட்சியின் கூட்டணியில் இருந்தபோதிலும் இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு வேலைநிறுத்தம் அறிவித்தன. மூன்றே நாளில் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் கொண்டாடிய நூறாவது ஆண்டில் கிடைத்த வெற்றி அது.

மும்பைத் தோழர்களின் கடமை தெளிவானது. 12 மணி நேரத் திருத்தத்தைத் திரும்பப் பெறு, எட்டு மணி நேரத்துக்கே வாழத்தக்க கூலி வழங்கு, இரவுப்பணிக்கு வரம்பும் உரிய ஓய்வும் உறுதிசெய், தாராவியில் வாழும் அனைவருக்கும் தாராவியிலேயே வீடு கொடு ஆகிய முழக்கங்களை ஒரே இயக்கத்தில் இணைக்க வேண்டும். தமிழர், மராத்தியர், பிகாரி, முஸ்லிம், தலித் என்று பகலில் நம்மைப் பிரிப்பவர்கள், இரவில் நம் எல்லோருடைய உறக்கத்தையும் பேதமின்றியே திருடுகிறார்கள். பட்டறை தோறும், சால் தோறும் இதை எடுத்துச் செல்வோம்.

எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேர உறக்கம்! இதில் ஒரு நிமிடத்தையும் விட்டுத்தர மாட்டோம்!