மாணவர் செயற்கைக்கோள்கள்: முதலாவது உண்டு, இரண்டாவது எங்கே?

பெங்களூரில் ஈஜிபுராவும் அதையொட்டிய கோரமங்கலாவும் மென்பொருள் நிறுவன ஊழியர்களின் வாடகைக் குடியிருப்புகளால் நிறைந்தவை. தமிழகப் பொறியியல் கல்லூரிகளில் பட்டம் பெற்று வந்தவர்களும் அங்கு ஏராளம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பழைய விமான நிலையச் சாலையில் இருக்கிறது இஸ்ரோவின் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையம். பொறியியல் பட்டதாரிக்கும் செயற்கைக்கோளுக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் வந்தவைதாம் மாணவர் செயற்கைக்கோள்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தூரம் எதிர்பார்த்த அளவுக்குக் குறைந்துவிடவில்லை.

இம்முயற்சியைத் தொடங்கி வைத்தது தமிழகம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ எடை கொண்ட 'அனுசாட்' 2009 ஏப்ரல் 20-ம் தேதி 'ரிசாட்-2' செயற்கைக்கோளுடன் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது. அடுத்த ஆண்டு ஜூலை 12-ம் தேதி 'ஸ்டட்சாட்' ஏவப்பட்டது. கர்நாடகத்தையும் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தையும் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் கூடி உருவாக்கிய அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. தரைக்கட்டுப்பாட்டு நிலையம் பெங்களூர் யலஹங்காவில் உள்ள நிட்டே மீனாட்சி தொழில்நுட்பக் கல்லூரியில் அமைந்தது.

பின்னர் வரிசை நீண்டது. 2011-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் 'ஜுக்னு', எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் 'எஸ்.ஆர்.எம்.சாட்', 2016-ல் 'சத்தியபாமாசாட்', புணே பொறியியல் கல்லூரியின் 'ஸ்வயம்', பெங்களூர் பி.இ.எஸ். பல்கலைக்கழகத்தின் 'பைசாட்', மும்பை ஐ.ஐ.டி.யின் 'பிரதம்', 2017-ல் குமரி மாவட்டம் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் 15 கிலோ 'நியூசாட்'. 2021 பிப்ரவரியில் பிரேசிலின் 'அமேசானியா-1' உடன் சென்றவற்றில் ஸ்ரீபெரும்புதூர், கோவை கல்லூரிகளின் செயற்கைக்கோள்களும் இருந்தன.

இப்பட்டியலில் தமிழகத்தின் பங்கு பெருமைக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தைத் தவிர்த்தால் தமிழகப் பெயர்கள் அனைத்தும் தனியார் கல்வி நிறுவனங்களுடையவை. அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றுகூட அவற்றில் இல்லை. பல மாணவர் செயற்கைக்கோள்களை இஸ்ரோ கட்டணமின்றியே ஏவித் தந்தது உண்மை. ஏவுவதற்குச் செலவில்லை என்றாலும் தூசு புகாத ஆய்வுக்கூடத்துக்கும் உதிரிபாகங்களுக்கும் சோதனைகளுக்கும் செலவு உண்டு. அதை ஏற்கக்கூடிய நிர்வாகங்களே களத்தில் இறங்கின.

இதைவிடப் பெரிய குறை, பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு செயற்கைக்கோளுடன் நின்றுவிட்டதுதான். ஏவிய நாளில் பாராட்டு விழா, பத்திரிகைகளில் படம், அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை விளம்பரத்தில் ராக்கெட். அதன்பின் ஆய்வுக்கூடம் அமைதியாகிவிடுகிறது.

மாணவர் நான்கு ஆண்டுகளில் வெளியேறிவிடுவார். செயற்கைக்கோள் அதற்குள் முடிவதில்லை என்பது இதற்கு முக்கியக் காரணம். 'பிரதம்' திட்டம் 2007-ல் தொடங்கி 2016 செப்டம்பரில்தான் விண்ணை எட்டியது. தொடங்கியவர்கள் படிப்பை முடித்துச் சென்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு அணியும் முந்தைய அணி கற்றதை மீண்டும் முதலிலிருந்து கற்க நேர்ந்தால் காலமும் பணமும் விரயமாகும். அனுபவத்தைக் கட்டிக்காக்க நிரந்தரப் பொறியாளர்களும் ஆசிரியர்களும் தேவை. அதற்கான பணியிடங்கள் நம் பல்கலைக்கழகங்களில் அரிது.

பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அதன் முதல் செயற்கைக்கோள் 1981-ல் ஏவப்பட்டது. இரண்டாவது 1984-லேயே சென்றது. அடுத்த ஆண்டு பல்கலைக்கழகமே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. 2015 ஜூலையில் பி.எஸ்.எல்.வி.-சி28 ராக்கெட் வணிக ரீதியில் சுமந்து சென்ற மூன்று பெரிய செயற்கைக்கோள்கள், தலா 447 கிலோ எடையுடன், அந்த நிறுவனம் தயாரித்தவை. ஒரு காலத்தில் பல்கலைக்கழகச் சோதனையாக இருந்தது இந்திய ராக்கெட்டுக்குக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளராக வந்து நின்றது.

தொடர்ச்சி இருந்தால் தோல்வியும் இழப்பாகிவிடாது. 75 பள்ளிகளின் 750 மாணவிகள் பங்களித்த 'ஆசாதிசாட்' 2022 ஆகஸ்ட் 7-ம் தேதி எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணத்தில் ஏவப்பட்டு, உரிய சுற்றுப்பாதை கிடைக்காமல் வீணாயிற்று. சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பு அத்துடன் விட்டுவிடவில்லை. 'ஆசாதிசாட்-2' மறு ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதியே வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது. பல கல்லூரிகளால் இயலாத இரண்டாவது முயற்சி இது.

தற்போது வழி சற்று எளிதாகியிருக்கிறது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் நிலையையே பணி முடிந்தபின் சோதனை மேடையாகப் பயன்படுத்தும் 'போயம்' திட்டத்தில் முழு செயற்கைக்கோள் தேவையில்லை. ஒரு கருவி போதும். 2024 டிசம்பர் 30-ல் சென்ற பி.எஸ்.எல்.வி.-சி60-ன் மேடையில் இருந்த 24 கருவிகளில் பெங்களூர் ஆர்.வி. பொறியியல் கல்லூரியின் நுண்ணுயிர்ச் சோதனைக் கருவியும் ஒன்று. ஒரு மாணவர் அணி தனது படிப்புக் காலத்துக்குள்ளேயே தொடங்கி முடிக்கக்கூடிய அளவு இதுவே.

இவ்வாறு பயிற்சி பெறுவோர் வீணாவதில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. பெங்களூரின் 'பிக்ஸெல்' நிறுவனத்தை 2019-ல் தொடங்கியவர்கள் அப்போது பிலானி பிட்ஸ் மாணவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த 'அக்னிகுல்' 2024 மே 30-ம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் தனது சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைச் செலுத்தியது.

ஆனால் தில்லியின் பார்வை நிறுவனங்களின் மீதே இருக்கிறது. 2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. 2023-ல் விண்வெளிக் கொள்கை வந்தது. 2024 அக்டோபரில் புதிய நிறுவனங்களுக்காக ரூ.1,000 கோடி முதலீட்டு நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நிறுவனம் தொடங்கியவருக்கு முதலீடு கிடைக்கட்டும்; நிறுவனம் தொடங்கும் தகுதியை ஒருவர் பெறும் இடம் கல்லூரி ஆய்வுக்கூடம். அங்கே இரண்டாவது செயற்கைக்கோளுக்கு மனுச் செய்யும் அரசுக் கல்லூரிக்கு, ஏவுவதற்கான இடத்தை மட்டுமன்றி ஐந்தாண்டுகளுக்கான பொறியாளர் ஊதியத்தையும் உறுதி செய்ய அந்த ஆயிரம் கோடியில் மிகச் சிறு பகுதி போதுமானது.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். விண்வெளித் தொழிலில் ஐந்தாண்டுகளில் ரூ.10,000 கோடி முதலீட்டை ஈர்க்கும் கொள்கைக்குத் தமிழக அமைச்சரவை 2025 ஏப்ரலில் ஒப்புதல் தந்தது. குலசேகரப்பட்டினத்திலிருந்து புறப்படும் ராக்கெட்டுகளில் திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிக்கு ஓர் இடம் ஒதுக்கப்படுமா என்பதை மத்திய, மாநில அரசுகள் இப்போதே பேசி முடிவெடுக்கலாம்.