கடைசியில் வருபவரும் ஓட்டக்காரரே

நுழையும்முன்

பதக்கம் பெறுவதற்காக ஓடுவோர் சிலர். எந்தப் பதக்கத்தையும் எதிர்பாராமல், விடியற்காலையில் பல கிலோமீட்டர் ஓடிவிட்டு வேலைக்குச் செல்வோர் பலர். இந்த இரண்டாம் வகையினரின் வாழ்விலிருந்து பள்ளிகள் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன? அதைக் குறித்த கருத்துக் கட்டுரையே இப்பாடம்.

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டம் நடைபெறுகிறது. வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருப்பின், தகுதிச் சுற்றுகளிலேயே முப்பதுக்கும் மேற்பட்டோர் விலக்கப்படுகின்றனர். எஞ்சியோரில் மூவர் மேடை ஏறுகின்றனர். மற்றவர்கள் அன்று ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்கின்றனர்: ஓட்டம் தமக்கு உரியதன்று. அப்பாடத்தை எந்த ஆசிரியரும் வாய்திறந்து சொல்வதில்லை. எந்தப் பாடநூலிலும் அது அச்சிடப்படவில்லை. எனினும், அது பல ஆண்டுகள் மனத்தில் நிற்கிறது. பன்னிரண்டு வயதில் ஓட்டத்தைக் கைவிட்டவர் பலர், நாற்பது வயதில் மருத்துவர் எச்சரித்த பிறகே ஓட்டக் காலணியைத் தேடிச் செல்கின்றனர்.

அந்தப் பாடம் தவறானது. வெற்றி பெறும் வாய்ப்பே இல்லாமல், ஆண்டுக்கணக்காக நெடுந்தொலைவு ஓடிவரும் எளிய மனிதர்களே அதற்குச் சான்று.

பரிசுக்கு அப்பால் ஓடுபவர்கள்

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மும்பை சத்ரபதி சிவாஜி தொடர்வண்டி நிலையத்தின் அருகே, பொழுது புலர்வதற்கு முன்பே பெருங்கூட்டம் திரள்கிறது. 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற மும்பை மாரத்தான் அங்கிருந்து புறப்படுகிறது. முழு மாரத்தானின் தொலைவு 42.195 கிலோமீட்டர். விந்தையான இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. 1896-இல் ஏதென்சில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தானின் தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராகவே இருந்தது. 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் அரண்மனையிலிருந்து விளையாட்டரங்கு வரை அளந்து வகுத்த தொலைவே, 1921-இல் உலகம் முழுமைக்குமான அளவாக உறுதிசெய்யப்பட்டது.

முன்வரிசையில் நிற்கும் வீரர் சிலர் அத்தொலைவை இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேலான பொழுதில் ஓடி முடித்துவிடுவர். பரிசுத்தொகை அவர்களுக்கு உரியது. அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள் வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், காவலர்கள், கடைக்காரர்கள், இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற முதியவர்கள். அவர்களுக்கு நான்கு மணி நேரம் ஆகலாம். ஆறு மணி நேரமும் ஆகலாம். தாம் வெல்லப்போவதில்லை என்பதைப் புறப்படும் முன்பே அவர்கள் அறிவர். அறிந்தும் மாதக்கணக்கில் பயிற்சி செய்துவிட்டு வந்து நிற்கின்றனர்.

முற்காலத்தில் ஓட்டம் சிலருக்குப் பிழைப்பாக இருந்தது. மணிகள் கட்டிய ஈட்டியைக் கையிலேந்தி, கடிதப் பையைச் சுமந்து, காட்டு வழியிலும் இரவிலும் ஓடிய அஞ்சல் ஓட்டக்காரர்கள் ஊதியத்திற்காக ஓடினர். இன்றைய ஓட்டக்காரரையோ எவரும் ஏவவில்லை. அவரே விரும்பி எழுந்து ஓடுகிறார்.

ஓட்டக்காரரின் அன்றாடம்

பந்தயம் என்பது ஆண்டில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள். எஞ்சிய நாள்களில்தான் ஓட்டக்காரரின் உண்மையான வாழ்க்கை அமைந்திருக்கிறது. அதில் கைதட்டல் இல்லை.

பெருநகரத்தில் எட்டு மணித் தொடர்வண்டியைப் பிடித்து வேலைக்குச் செல்ல வேண்டியவர் ஐந்து மணிக்கேனும் வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். முந்திய இரவு உணவை விரைந்து முடித்து, தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, நேரத்தோடு உறங்கச் செல்ல வேண்டும். விடியலில் அவர் காண்பவர்கள் பால் வண்டி ஓட்டுபவர், செய்தித்தாள்களைப் பிரித்து அடுக்கும் இளைஞர்கள், தெரு கூட்டும் தூய்மைப் பணியாளர்கள், இரவுப் பணி முடியக் காத்திருக்கும் குடியிருப்புக் காவலர். தெரு நாய்களுக்கு அஞ்சி வேறு தெருவில் திரும்பும் நாள்களும் உண்டு. வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் குறுகிய ஓட்டம். ஞாயிறன்று நெடிய ஓட்டம். திரும்பியதும் உப்புப் பூத்த சட்டையை அலசிப் போட வேண்டும். மழைக்காலத்தில் ஈரக் காலணிக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து உலர்த்த வேண்டும். நெடுந்தொலைவுப் பயிற்சியின்போது காலணியில் இடிபட்டுக் கருத்துப்போன கால்விரல் நகத்தை, ஓடுபவர்கள் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் உண்டு. ஞாயிறு காலை மூன்று மணி நேரம் ஒருவர் வெளியே சென்றால், வீட்டு வேலைகளை வேறு எவரேனும் செய்ய வேண்டியிருக்கிறது. ஆண்கள் ஓடச் செல்லும் வீடுகள் பலவற்றில் அவ்வேலைகளைப் பெண்களே ஏற்கின்றனர். பெண் ஓடச் சென்றாலோ, சமையலை முடித்துவிட்டே அவர் புறப்பட வேண்டியிருக்கிறது. இருண்ட தெருவில் தனியே ஓட அவர் அஞ்சவும் வேண்டியிருக்கிறது. பந்தய உலகமும் பெண்களை எளிதில் ஏற்கவில்லை. 1967-இல் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானில் பதிவு எண்ணுடன் ஓடிய கேத்ரின் சுவிட்சரை, அலுவலர் ஒருவர் ஓட்டத்தின் நடுவே பிடித்து வெளியேற்ற முயன்றார். சுவிட்சர் ஓடி முடித்தார். அப்பந்தயத்தில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மாரத்தான் இடம்பெற்றது 1984-இல். ஆகவே, ஓட்டத்தைப் பற்றிப் பேசும் குடும்பங்கள், அதற்கான நேரத்தை யார் யாருக்கு விட்டுக்கொடுக்கின்றனர் என்பதையும் பேச வேண்டும்.

மெதுவாக ஓடுவதும் ஒரு கல்வி

புதிதாக ஓடத் தொடங்குபவர் செய்யும் முதல் தவறு விரைந்து ஓடுவது. பள்ளியில் கற்ற ஒரே ஓட்டம் அதுதான். இரண்டு நிமிடங்களில் மூச்சு வாங்குகிறது. ஓட்டம் தமக்கு வராது என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார்.

நெடுந்தொலைவு ஓட்டத்தின் அடிப்படை வேறு. பயிற்சியின் பெரும்பகுதியை, அருகில் ஓடுபவருடன் உரையாடத்தக்க வேகத்திலேயே ஓட வேண்டும். வாக்கியத்தை முடிக்க இயலாமல் மூச்சு முட்டினால் வேகம் மிகுதி என்று பொருள். இதற்கு உடலியல் காரணமும் உண்டு. தொடர் பயிற்சியால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே வலுப்பெறத் தொடங்குகின்றன. எலும்பும் தசைநாணும் வலுப்பெறப் பல மாதங்கள் ஆகின்றன. மூச்சு இடம் கொடுக்கிறது என்று தொலைவை ஒரேயடியாகக் கூட்டுபவர், முழங்காலிலோ குதிகாலிலோ வலி கண்டு வீட்டில் அமர நேரிடுகிறது. பந்தய நாளிலும் இதே கதைதான். தசைகளும் கல்லீரலும் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரை, ஏறத்தாழ முப்பதாவது கிலோமீட்டரில் பலருக்குத் தீர்ந்துபோகிறது. தொடக்கத்தில் விரைந்தவர் அப்போது கால்கள் கனத்து நடக்கத் தொடங்குகிறார். பொறுமையாக வந்தவர் அவரைக் கடந்து செல்கிறார்.

நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டு இந்த உண்மையை இரு வகையினருக்கும் பயன்படுத்தினார். 1960 உரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அவருடைய மாணவர் பீட்டர் சினெல், ஞாயிறுதோறும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஓடிப் பயின்றவர். அதே லிடியார்டு, 1960-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து நகரத்து நடுத்தர வயதினரையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் மெதுவாக ஓட ஊக்குவித்தார். வாகை சூடியவரும் நோயிலிருந்து மீண்டவரும் ஒரே பள்ளியின் மாணவர்கள் ஆயினர்.

மேலும், எல்லா உடல்களும் ஒரே வகையின அல்ல. தசை இழைகளில் விரைவாகச் சுருங்கி விரைவாகக் களைப்பவை உண்டு. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவையும் உண்டு. இவற்றின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நூறு மீட்டரில் பின்தங்கும் மாணவி ஐந்து கிலோமீட்டரில் முந்தக்கூடும். குறுகிய ஓட்டத்தை மட்டும் நடத்திவிட்டு, அதன் முடிவை ஓட்டம் முழுமைக்குமான தீர்ப்பாக்குவது முறையாகாது.

இரண்டு மறுப்புகள்

போட்டி இல்லையேல் முயற்சி இருக்காது. நாட்டுக்கு வீரர்கள் கிடைக்கமாட்டார்கள் என்று சிலர் வாதிடலாம். வீரர்கள் தேவை என்பதில் ஐயமில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராம் இடம் பெற்ற சிவநாத் சிங், 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடங்களில் ஓடி நாட்டின் சாதனையைப் படைத்தார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை எவராலும் முறியடிக்க இயலவில்லை. அத்தனை ஆண்டுகளாகப் பள்ளிகளில் விளையாட்டு விழாக்களும் பதக்கங்களும் இருந்தே வந்தன. மூவரைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களை அனுப்பிவிடும் முறை, வீரர்களைப் பெருக்கியதாகத் தெரியவில்லை. ஓடுபவர் பெருகினாலன்றி அவர்களுள் சிறந்தவரும் பெருகமாட்டார்.

முயற்சியைப் பொறுத்தவரை, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை நினைவுகூரலாம். தான்சானியாவின் ஜான் ஸ்டீபன் அக்வாரி, மாரத்தான் ஓட்டத்தின் இடையே விழுந்து முழங்காலில் காயமுற்றார். கட்டுப்போட்ட காலுடன் தொடர்ந்து ஓடி, வென்றவருக்கு ஒரு மணி நேரத்திற்கும் மேல் பிந்தி, இறுதி ஆளாக அரங்கினுள் நுழைந்தார். அன்று வென்றவரின் பெயரைவிடக் கடைசியில் வந்த அக்வாரியின் பெயரே இன்று பலருக்கும் தெரிகிறது.

இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்பது இரண்டாம் மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. நல்ல காலணியின் விலையும் பந்தயங்களின் நுழைவுக் கட்டணமும் எளிய குடும்பங்களுக்கு எட்டாதவையாக உள்ளன. கைக்கடிகாரம் காட்டும் எண்களுக்காகவே ஓடி, உடல் கெஞ்சும் நாளிலும் ஓய்வெடுக்காமல் துன்புறுபவர்களும் உள்ளனர். ஆனால், கடிகாரமும் பந்தயமும் இல்லாமலும் ஓடலாம். சாலையும் காற்றும் இல்லாமல் ஓட முடியாது. பெங்களூருவின் கப்பன் பூங்காவிலும் கொல்கத்தாவின் மைதானத்திலும் தில்லியின் உலோதி தோட்டத்திலும் கட்டணமின்றி எவரும் ஓடலாம். அத்தகைய இடம் அருகில் இல்லாதவர், உடைந்த நடைபாதையில் ஊர்திகளுக்கு இடையே ஓட வேண்டியிருக்கிறது. தில்லியில் குளிர்காலத் தொடக்கத்தில் காற்று மிகவும் மாசடைந்து, பள்ளிகளே மூடப்படும் நாள்களும் வருகின்றன.

பஞ்சாபைச் சேர்ந்த பௌஜா சிங், எண்பத்தொன்பதாம் அகவையில், 2000-ஆம் ஆண்டு இலண்டன் மாரத்தானில் ஓடினார். 2011-இல் டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்தபோது அவருக்கு அகவை நூறு. அத்தனை தொலைவு ஓடியவர், 2025-ஆம் ஆண்டு சூலையில், தம் சொந்த ஊரின் அருகே சாலையில் ஊர்தி மோதி உயிரிழந்தார். பாதுகாப்பான நடைபாதையும் நிழல்தரும் மரங்களும் தெருவிளக்கும் ஓட்டக்காரரின் தனி வேண்டுகோள் அல்ல. பள்ளிக்கு நடந்து செல்லும் குழந்தைக்கும், காய்கறி வாங்கச் செல்லும் பாட்டிக்கும் அவை வேண்டும்.

பள்ளி செய்யத்தக்கது

வாரத்தில் ஒரு பாடவேளை, நேரம் அளக்கப்படாத ஓட்டத்திற்கு ஒதுக்கப்பட வேண்டும். மாணவர்கள் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச முடியாதவர் நடக்க வேண்டும். முடித்தவர்களின் பெயர்களை அகர வரிசையில் எழுதி அறிவிப்புப் பலகையில் இட வேண்டும். கடைசி மாணவர் வந்து சேரும்வரை எவரும் வகுப்பறைக்குத் திரும்பலாகாது. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை.

பெற்றோரின் பணி இடமாற்றத்தால் ஊர் ஊராகச் செல்லும் குழந்தைகளுக்கு இது மேலும் பயன் தரும். புதிய பள்ளியில் கால்பந்துக் குழுவும் கிரிக்கெட் குழுவும் முன்பே அமைந்திருக்கும். புதியவர் எல்லைக்கோட்டின் அருகே நின்று பார்க்க வேண்டியதுதான். ஓட்டத்தில் சேர எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. அவ்வூர் மொழி பழகுவதற்கு முன்பே, எந்தத் தெரு எங்கே திரும்புகிறது என்பது பழகிவிடும். இரண்டு தமிழ்க் குழந்தைகள் சேர்ந்து ஓடினால், ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தை மூச்சிரைக்காமல் சொல்ல முடிகிறதா என்பதே அவர்களுடைய வேகமானியாகும்.

விளையாட்டு விழாவும் பதக்கமும் இருக்கட்டும். விரைந்து ஓடுபவர் அவற்றை வெல்லட்டும். ஆனால், பள்ளியைவிட்டுச் செல்லும் ஒவ்வொரு மாணவரும், தம்மால் ஓட முடியும் என்பதை அறிந்து செல்ல வேண்டும். அதை அறியாமல் ஒரு குழந்தை வெளியேறினால், குறை குழந்தையின் கால்களில் இல்லை; பள்ளியின் அளவுகோலில் இருக்கிறது.

சொற்பொருள்

புலர்தல் – விடிதல்
ஏவுதல் – கட்டளையிடுதல்
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நார்
அகவை – வயது
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்

சிந்தித்து எழுதுக

1. நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவைக் கொண்டு ஒருவரின் ஓடும் திறனைத் தீர்மானிப்பது ஏன் முறையாகாது?
2. கட்டுரை ஏற்றுக்கொள்ளும் மறுப்பு எது? ஏற்றுக்கொண்ட பின் அது எவ்வாறு விடை தருகிறது?
3. உங்கள் வீட்டில் ஒருவர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடச் செல்ல விரும்பினால், யார் யார் எந்தெந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்? பத்து வரிகளில் எழுதுக.
4. போட்டி இன்றி முயற்சி வளருமா? உங்கள் கருத்தைக் காரணங்களுடன் வகுப்பில் எடுத்துரைக்க.