மழலைக்கு நேர்காணலா?

ஆண்டுதோறும் புதிய கல்வியாண்டு தொடங்குவதற்குப் பல திங்களுக்கு முன்பே மதுரை மாநகரில் ஒரு காட்சியைக் காண்கிறோம். மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குத் தலைவாரிப் பவுடர் பூசிப் புத்தாடை உடுத்தி, பள்ளி அலுவலக வாயிலில் பெற்றோர் காத்திருக்கின்றனர். தாயின் உதடுகள் முணுமுணுக்கின்றன. செபமாலை சொல்கிறாரோ என எண்ணி அருகே சென்றால், நிறங்களின் ஆங்கிலப் பெயர்களைப் பிள்ளைக்குக் கடைசி முறையாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். தந்தையின் கையிலோ பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதம். உள்ளே சென்ற குழந்தை புதிய முகங்களைக் கண்டு மிரண்டு அழுதுவிட்டால் தீர்ந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அது குற்றவாளிதான்.

இது பிறர் நடத்தும் பள்ளிகளின் வழக்கம் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. சிலுவை பொறித்த வாயில்களின் முன்னும் இக்காட்சியைக் கண்டிருக்கிறோம். இவ்வழக்கத்தைத் துணிந்து கைவிட்ட பள்ளிகளும் நம்மிடையே உண்டு. அவற்றை நடத்தும் அருட்சகோதரிகளுக்குத் தலைவணங்குகிறோம். ஆயினும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. குழந்தைகளை இயேசுவிடம் கொண்டுவந்தவர்களைச் சீடர்கள் அதட்டியபோது ஆண்டவர் சினங்கொண்டார் என மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் காண்கிறோம். அவர் எந்தக் குழந்தையையும் கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அணைத்துக்கொண்டார், ஆசி வழங்கினார். நாம் யார் பக்கம் நிற்கிறோம்? அதட்டிய சீடர்களின் பக்கமா, அணைத்த ஆண்டவரின் பக்கமா?

மழலையர் பள்ளியின் நோக்கம் யாது? முதல் வகுப்பில் படிக்க வேண்டியதை இரண்டாண்டு முன்னதாகவே புகட்டுவது அன்று. தாயின் மடியை விட்டு முதன்முறையாக வெளியே வரும் குழந்தை, வீட்டுக்கு அப்பாலும் அன்பு உண்டு என்று உணரவேண்டும். ஒரு சிறு வேலையைத் தன் கையாலேயே செய்து முடிக்கும் மகிழ்ச்சியை அறியவேண்டும். பகிர்ந்து உண்ணவும், தன் முறை வரும்வரை காத்திருக்கவும் பழகவேண்டும். கண்டதையும் கேட்டதையும் அச்சமின்றித் தன் மொழியில் சொல்லவேண்டும். இவ்வளவும் நிகழ்ந்தால் எழுத்து உரிய காலத்தில் வந்து சேரும். இவை நிகழாமல் எழுத்து மட்டும் வந்தால், அது விரைவில் வெறுப்பாக மாறும்.

இதை நமக்குக் கற்பித்தவர் ஒரு கத்தோலிக்கப் பெண்மணி. மருத்துவரான மரியா மாண்டிசோரி அம்மையார், உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைக் குடியிருப்பில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். நாள் 1907 சனவரி 6, ஆண்டவரின் திருக்காட்சிப் பெருவிழா. அங்கே வந்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். பெற்றோர் கூலிவேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்து திரிந்த குழந்தைகள். அவர்களின் உயரத்திற்கேற்ற மேசையும் நாற்காலியும் செய்வித்து, நீர் ஊற்றவும், பொத்தான் மாட்டவும், தரை துடைக்கவும் பழக்கினார். சொரசொரப்பான எழுத்து வடிவங்களை விரலால் தடவச் செய்தார். எழுத்தைத் திணிக்காத அந்த இல்லத்தில் குழந்தைகள் தாமாகவே எழுதத் தொடங்கியதைக் கண்டு உலகம் வியந்தது.

அம்மையாருக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு. 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், இத்தாலியர் என்பதால் போர்க்காலத்தில் ஆங்கிலேய அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளானார். 1942 முதல் 1944 வரை, அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொடைக்கானலில் வாழ்ந்தார். பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகக் கற்ற சிறு பள்ளி ஒன்றை அங்கே நடத்தி, தம் சிந்தனையை விரிவாக்கினார். இன்றோ அவர் பெயர் விளம்பரப் பலகைகளில் மின்னுகிறது. பெரும்பாலும் கட்டணம் உயர்ந்த பள்ளிகளின் பலகைகளில். கூலித்தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறை, அவர்களே நுழைய முடியாத கட்டடங்களுக்குப் பெயராகிப் போனது வேதனையன்றோ!

நடுவண் அரசு அமைத்த யஷ்பால் குழு 1993இல் அளித்த அறிக்கை இத்தீமையை மறைக்காமல் எடுத்துரைத்தது. மழலையர் வகுப்பில் சேர்க்கத் தேர்வும் நேர்காணலும் நடத்துவதை ஒழிக்க வேண்டும் என்றது. பிஞ்சு வயதில் எழுத்தையும் எண்ணையும் முறைப்படித் திணிப்பதைக் குழந்தைகள் மீதான வன்முறையாகவே கண்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உருண்டோடிவிட்டன. நாம் மாறினோமா?

இன்று ஒரு மழலையின் நாள் எப்படிக் கழிகிறது? மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் காலை ஏழு மணிக்கே வேன்கள் புறப்படுகின்றன. அரைத் தூக்கத்தில் ஏறும் குழந்தை நெருக்கியடித்து அமர்ந்து நகருக்கு வருகிறது. கழுத்தில் டை, காலில் ஷூ, முதுகில் பை. பென்சில் பிடிக்க விரல் வலுப்பெறும் முன்பே நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறது. தாகம் என்று தமிழில் சொன்னால் அதட்டல். மாலையில் வீடு திரும்பினால் வீட்டுப்பாடம். இத்தனைக்கும் வயது நான்கு!

வேறு விதமாகவும் ஒரு நாள் அமையலாம்; அதற்குப் பெருஞ்செலவு ஆகாது. வேப்பமர நிழலில் மணல் பரப்பினால் அதுவே எழுதுபலகை. புளியங்கொட்டையும் சோழியும் எண் கற்பிக்கும். கோலப் புள்ளிகள் ஒழுங்கைக் கற்பிக்கும். நம் ஊர் மல்லிகையைத் தொடுக்கப் பழகும் விரல்களுக்கு நாளை எழுதுகோல் பாரமாகாது. பாட்டும் கதையும் விளையாட்டும் வேண்டும். நண்பகலில் உணவும் உறக்கமும் வேண்டும். மாண்டிசோரி முறையைப் பின்பற்றிய பார்சலோனா நகரப் பள்ளியில் குழந்தைகள் கோதுமையும் திராட்சையும் பயிரிட்டு, நற்கருணைக்குரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைக் கையால் உணர்ந்தனர். வைகைப் பாசனத்தில் நெல் விளையும் நம் சமவெளியில் ஒரு பிடி நாற்றை நட்டு, அது கதிராகும்வரை குழந்தைகளோடு காத்திருந்தால், நூறு முறை ஒப்புவிக்கும் செபத்தைவிட ஆழமான மறைக்கல்வி அதுவாகும்.

ஆங்கிலம் வேண்டாமா என்று பெற்றோர் கேட்பர். வேண்டும். ஏழைப் பெற்றோரின் அந்த ஏக்கத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் பாட்டாகவும் விளையாட்டாகவும் செவிவழி வரும் ஆங்கிலம் வேறு. தாய்மொழியைக் குற்றமாக்கி வாயடைக்கும் ஆங்கிலம் வேறு. சிந்திக்கும் மொழியைப் பறித்துவிட்டு வேறெந்த மொழியைத் தந்தாலும் குழந்தை கிளிப்பிள்ளையாகவே வளரும். இடங்கள் குறைவு, கேட்போர் மிகுதி, தேர்வின்றி என்ன செய்வது என்று நிர்வாகத்தினர் கேட்பர். அருகில் வாழும் குழந்தைக்கு முதலிடம், ஏழைக்கு முதலிடம், எஞ்சியவர்க்குத் திருவுளச் சீட்டு. மத்தியாவைத் திருத்தூதராகத் தெரிவு செய்யச் சீட்டுக் குலுக்கியது திருச்சபைக்குப் புதிதன்றே!

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சேர்க்கையின்போது குழந்தையையோ பெற்றோரையோ சோதித்துத் தேர்வது அச்சட்டத்தின்படி தண்டத்திற்குரிய குற்றம். சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என 2014 மே 6 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் உரிமை நமக்கு உயிர் போன்றது. ஆனால் அவ்வுரிமை எதற்காக? நம் நம்பிக்கையின்படி கல்வி தருவதற்காகவா, பிறர் செய்தால் குற்றமாகும் ஒன்றை நாம் செய்வதற்காகவா? சட்டம் விலக்களித்தாலும் நற்செய்தி நமக்கு விலக்களிக்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, கத்தோலிக்கப் பள்ளிகள் வறியோருக்குச் சிறப்பாகப் பணியாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறது.

அரசைப் பாருங்கள். 1982 சூலை முதல் நாள் தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுக் குழந்தையையும் பந்தியில் அமர்த்தியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையிலேயே தொடங்கப்பெற்றது. குழந்தை சாப்பிட்டதா என்று அரசு கேட்கிறது. ஆரஞ்சு நிறத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று நாம் கேட்கிறோம்!

குற்றத்தைப் பள்ளிகள் மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. பரிந்துரைக் கடிதத்திற்காகப் பங்கு இல்லத்தில் வரிசையில் நிற்பவர்கள் பொதுநிலையினராகிய நாம்தான். நோட்டு நிறைய எழுதவில்லையே என்று ஆசிரியையிடம் முறையிடுபவர்களும் நாம்தான். அடுத்த தெருவில் உள்ள பாலர் பள்ளி, ஏழைப் பிள்ளைகளோடு அமர வேண்டியிருக்கும் என்பதற்காகவே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசுவோம். பங்குப் பேரவைகளில் தீர்மானமாகக் கொண்டுவருவோம். நேர்காணல் ஒழிக, மழலைக்கு வீட்டுப்பாடம் ஒழிக, தாய்மொழிக்கு வாயிற்கதவு திறக்கட்டும், மழலையரைப் பேணும் ஆசிரியைக்கு உயர்வகுப்பு ஆசிரியருக்கு இணையான மதிப்பும் வாழத்தக்க ஊதியமும் கிடைக்கட்டும். முதலில் நாமே அந்தப் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்காதிருப்போம்.

அழுதுகொண்டு வாயிலில் நிற்கும் குழந்தை எதையும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. அதைத் தூக்கிக்கொள்ள ஒருவர் வந்தால் போதும். ஆண்டவர் அன்று செய்தது அதைத்தான்.