கல் நாட்டியவர் பெயர் உண்டு. காவல் நின்றவர் பெயர் எங்கே?

அடிக்கல் நாட்டு விழா! பந்தல் உண்டு, பதாகை உண்டு, பொன்னாடை உண்டு, புகழுரை உண்டு. அமைச்சர் பெருமகனார் வெள்ளிக் கரண்டியால் சாந்தெடுத்து ஒரு முறை பூசுவார். படக்காரர்கள் ஒன்பது முறை படமெடுப்பர். ஆண்டுகள் சில கழியும். திறப்பு விழா! பட்டு நாடா, கத்தரிக்கோல், பெயர் பொறித்த பளிங்குக் கல்!

நாடகம் எழுதுகிறவன் நான். முதற் காட்சியின் கவர்ச்சியும் தெரியும்; இறுதிக் காட்சியின் கைதட்டலும் தெரியும். ஆனால் தோழர்களே, மக்கள் பணத்தில் எழும் திட்டம், இரண்டே காட்சி கொண்ட நாடகந்தானா? கூட்டம் கலைந்த பிறகு அந்த மதகுக்கு எண்ணெய் இடுபவன் யார்? அந்தச் சுவரில் விரிசல் கண்டால் விரைந்து அடைப்பவன் யார்? அதற்குப் பணம் எங்கே?

விடை வேண்டுமா? முக்கொம்புக்கு வாருங்கள்!

2018 ஆகஸ்ட் 22, இரவு. திருச்சிக்கு மேற்கே, காவிரி இரண்டாகப் பிரியும் இடம். ஒரு கிளை காவிரியாகக் கழனி நோக்கிச் செல்லும். மறு கிளை கொள்ளிடமாகக் கடல் நோக்கி ஓடும். கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தடுப்பார் இல்லையேல் தண்ணீர் அந்தப் பக்கமே தாவும்; காவிரி வறளும், தஞ்சை தவிக்கும். அதைத் தடுக்கவே 1836-க்கும் 1838-க்கும் இடையே ஆர்தர் காட்டன் அங்கே மேலணை கட்டினார். அந்த மேலணையின் மதகுகள் அன்றிரவு அடித்துச் செல்லப்பட்டன!

எத்தகைய வேளை அது! 2012 முதல் ஒரு முறையேனும் ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறக்கப்படவில்லை. குறுவையைப் பறிகொடுத்துப் பறிகொடுத்து உழவன் ஓய்ந்திருந்தான். 2018 ஜூலையில் மேட்டூர் நிரம்பியது, 120 அடி! வாராது வந்த நீர் வந்தது. வாசலிலே கதவு உடைந்தது. கடைமடை உழவன் வாய்க்காலைப் பார்த்து ஏங்கி நிற்க, கொள்ளிடம் வழியே வெள்ளம் கடலுக்குச் சென்றது. மணல் மூட்டையும் பாறையும் கொட்டி அடைக்க ஆயிரம் கைகள் அல்லற்பட்டன.

ஆளவந்தார்கள் என்ன கூறினர்? "அணைக்கு வயது 180, பழமையால் உடைந்தது" என்றனர். அள்ளப்பட்ட மணலையும் கவனிக்கப்படாத மதகையும் உழவர்கள் சுட்டிக் காட்டினர். அவர்களோ காலத்தின் மீது பழி போட்டனர்!

பழமையா குற்றவாளி? அதே ஆற்றில், சில கல் தொலைவில், கல்லணை நிற்கிறதே! கரிகாலன் பெயர் சொல்லி, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக நிற்கிறதே! மணலின் மேல் அடித்தளம் அமைக்கும் கலையைக் காட்டனே அதனிடந்தான் கற்றார். கல்லணை எப்படி நிற்கிறது? கட்டியவன் திறத்தால் மட்டுமா? இல்லை. தலைமுறைதோறும் எவரோ அதைச் செப்பனிட்டனர், திருத்தினர், மணற்போக்கி வைத்தனர். பழமை அதைக் கொல்லவில்லை. பராமரிப்பு அதைக் காத்தது.

இன்னும் ஐயமா? தென்பெண்ணைக்குச் செல்வோம். விழுப்புரம் மாவட்டம் தளவானூரில் சுமார் 25 கோடி ரூபாயில் ஒரு தடுப்பணை. 2020-இல் திறப்பு; 2021 ஜனவரி 23-இல் உடைப்பு! அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சேதம். எஞ்சியதை வெடி வைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அந்த அணைக்கு என்ன வயது? தவழ வேண்டிய பருவத்திலே அதற்குத் தள்ளாமை வந்துவிட்டதா? 180 ஆண்டு நின்றது விழுந்தால் முதுமை. ஓராண்டும் நில்லாதது விழுந்தால் என்ன பெயர்?

நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன். ஆனாலும் இந்தக் கணக்கு விளங்குகிறது. முக்கொம்பில் புதிய கதவணை எழுப்ப 387.60 கோடி ரூபாய் ஒதுக்க முடிந்தது. அதில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் பழைய அணைக்குச் செலவிட்டிருந்தால்? கேட்டால், "நிதி நிலை இடந்தரவில்லை" என்பார்கள். உண்மை வேறு. எண்ணெய் இடுவதற்கு விழா இல்லை! சங்கிலியைச் சோதிப்பதற்கு மாலை இல்லை!

சங்கிலி என்றதும் நினைவு வருகிறது. 2024 ஆகஸ்ட் 10 இரவு, துங்கபத்திரை அணையின் 33 மதகுகளில் 19-ஆவது மதகு, சங்கிலி அறுந்து ஆற்றோடு போயிற்று. பாய்ந்தோடும் வெள்ளத்திலேயே தடுப்புப் பலகை இறக்கி நீரைக் காக்க, கன்னையா நாயுடு எனும் மூத்த பொறியாளரும் தொழிலாளர்களும் ஒரு வாரம் போராடினர். அந்த வீரத்தை வணங்குகிறேன். ஆனால் முன்கூட்டியே ஒரு சங்கிலியை மாற்றியிருந்தால் வீரத்துக்கே வேலை இருந்திராதே!

"2021-இல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே" என்பார் சிலர். வந்தது, வரவேற்போம். மழைக்கு முன்னும் பின்னும் அணையைச் சோதிக்க வேண்டும் என்கிறது. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறது. ஆனால் எந்த அணையை? 15 மீட்டருக்கு மேல் உயர்ந்தவற்றை. 10 முதல் 15 மீட்டர் வரையுள்ளவற்றில் சில வகைகளை. தளவானூர்த் தடுப்பணை போன்ற குள்ள அணைகள் அந்த வாசலுக்குள் நுழைய இயலாது. ஏழை வீட்டுக் குழந்தைக்கு நோய் வந்தால், உயரம் போதாது என்று மருத்துவர் திருப்பி அனுப்புவதா?

உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பாருங்கள். பத்தாம் நூற்றாண்டு, பராந்தக சோழன் காலம். ஏரியைக் காக்கவே தனியாக ஏரி வாரியம், குடவோலையால் தேர்வு. கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினனும் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது! அது பார்ப்பனர் சபை. நிலமற்றோருக்கும் பெண்டிருக்கும் அங்கே இடமில்லை. அந்தக் குறையை நான் மறைக்கவில்லை; அந்தக் காலம் திரும்ப வேண்டும் எனவும் கேட்கவில்லை. அந்த விதியை மட்டும் கேட்கிறேன். ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசனின் ஆட்சியில் இருந்த விதி, மக்களாட்சியில் இருக்கலாகாதா?

ஆகவே, கேட்போம் மூன்று. கட்டும் செலவோடு, அது வாழும் காலமெல்லாம் காக்கும் செலவையும் மதிப்பீட்டிலேயே எழுதி, அதை வேறெதற்கும் தொடாமல் ஒதுக்குக! மூன்று மழைக்காலம் தாங்கிய பிறகே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தொகையைக் கொடுக்க! பளிங்குக் கல்லின் அருகே இன்னொரு பலகை வைத்து, காப்பவர் யார், கடைசியாகச் சோதித்த நாள் எது என எழுதி, ஆண்டுக் கணக்கைக் கிராம சபையில் படிக்க!

நமக்கும் ஒரு கேள்வி உண்டு, தோழர்களே. திறப்பு விழாவுக்கு ஊரே திரளுகிறோம். கணக்குக் கேட்கும் கிராம சபைக்கு எத்தனை பேர் செல்கிறோம்? நாம் கைதட்டும் இடத்தில்தான் அவர்கள் நாடகம் நடத்துகிறார்கள்.

அடுத்த முறை அமைச்சர் கரண்டியோடு வரட்டும். மாலை போடுங்கள், தடுக்கவில்லை. போடும்போதே கேளுங்கள்: "ஐயா, இதற்குக் காவல் யார்?"