களவு போனது தோட்டத்துச் சாமான்; பிடிபடுவது தொழிலாளியின் சம்பளமா?

தோட்டத்தில் களவு போவது புதிய செய்தியன்று. ஒட்டுப்பால் களவையும், மங்குக் களவையும், கோழிக் களவையும் நம் பாட்டன்மாரும் கண்டதுண்டு. அக்காலத்துத் திருடன் ஒரு சாக்கோடு வந்தான். இன்றைய திருடன் லாரியோடும் இரும்பு வெட்டும் கருவியோடும் வருகிறான். தண்ணீர் பம்பு மோட்டார், டிராக்டர் பேட்டரி, புல்வெட்டும் இயந்திரம், மருந்தடிக்கும் பம்பு, டீசல், மின்கம்பி என்று எது கைக்கு அகப்படுகிறதோ அதைத் தூக்கிக்கொண்டு போகிறான். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலையும் விட்டு வைப்பதில்லை. வெட்டியவன் இரண்டு மூன்று நாள் கழித்துப் பொறுக்கலாமென்று விட்டிருக்க, முந்தின இரவே வேறொருவன் பொறுக்கிவிடுகிறான். மரம் வெட்டிய உழைப்பு ஒருவனுக்கு, காசு இன்னொருவனுக்கு!

திருடனைப் பற்றி எழுதுவது நம் நோக்கமன்று. திருடன் திருடத்தான் செய்வான். களவு நடந்த பின்பு நடப்பவை, அல்லது நடக்காதவை எவை என்பதைத்தான் தோழர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாம் வேலை செய்யும் தோட்டத்தில் நடந்ததையே சொல்லுகிறோம். ஒரு ஞாயிறு இரவு ஆற்றோரத்துப் பம்புக் கொட்டகையின் பூட்டை அறுத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பத்திலிருந்து கொட்டகைக்கு வந்த செப்புக் கம்பியையும் உருவிவிட்டார்கள். அதே இரவில் ஸ்டோரின் பின்பக்கத் தகரத்தைப் பெயர்த்து மூன்று புல்வெட்டும் இயந்திரங்களையும், இரண்டு மருந்து பம்புகளையும் எடுத்துச் சென்றிருக்கிறார்கள். திங்கட்கிழமை விடியற்காலையில் குழாயடிக்குப் போன பெண்கள் தண்ணீர் வரவில்லை என்று வந்து சொன்னபோதுதான் செய்தி தெரிந்தது.

அந்த மோட்டாரைத் திருடியவன் அதை மோட்டாராக விற்பதில்லை. உடைத்து, உள்ளே சுற்றியிருக்கும் செப்பை எடுத்துப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறான். அவனுக்குக் கிடைப்பது சில நூறு வெள்ளி இருக்கலாம். நமக்குப் போனதோ நாற்பத்தொரு வீட்டுத் தண்ணீர். விடிய ஐந்து மணிக்குப் பிரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துவிட்டு வந்த பெண்பிள்ளைகள் பகல் இரண்டு மணிக்கு ஆற்றுக்குக் குடத்தோடு போனார்கள். நிருவாகம் நாளுக்கு ஒரு முறை டாங்கியில் தண்ணீர் அனுப்பியது. அது வரிசையின் பாதியிலேயே தீர்ந்துபோகும். இப்படி ஒன்பது நாள்.

பிரட்டு முடிந்ததும் போலீஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினோம். ரோந்து வண்டி வெளியே போயிருக்கிறது, நீங்களே வந்து புகார் கொடுங்கள் என்றார்கள். நிலையம் 23 கிலோமீட்டர். அதில் 9 கிலோமீட்டர் செம்மண் சாலை. மண்டோரையும் அழைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் போனோம். இரண்டு மணி நேரம் பெஞ்சியில் உட்கார்ந்த பின் புகார் எழுதப்பட்டது. ஆள் வருவார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஆள் வந்தது வியாழக்கிழமை.

பம்புக் கொட்டகைக்கு அருகே லாரிச் சக்கரத்தின் தடம் ஈர மண்ணில் அச்சு வார்த்ததுபோல் கிடந்தது. அது கலைந்துவிடக் கூடாதென்று நம் ஆட்கள் இரண்டு தகரத்தை அதன்மேல் போட்டு, கல்லும் வைத்திருந்தார்கள். யாரும் சொல்லிச் செய்ததன்று, அவர்களாகவே செய்தது. செவ்வாய் மாலை பெய்த மழையில் ஓரத்து நீர் தகரத்துக்கடியில் புகுந்துவிட்டது. வியாழக்கிழமை வந்த அதிகாரி, ‘இங்கே ஏன் தகரம் கிடக்கிறது?’ என்று கேட்டார். மண்டோர் தகரத்தைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சேறு. அதிகாரி அந்தச் சேற்றையும் படம் பிடித்துக்கொண்டார் என்பதை நன்றியோடு எழுதி வைக்கிறோம்.

இவ்வளவும் ஒருபுறம் இருக்கட்டும். போலீசார் வராத அந்த நான்கு நாளில் தோட்டத்துக்குள் என்ன நடந்தது என்பதே நம்மை எழுதத் தூண்டியது.

விசாரணை செய்ய வேண்டியவன் வராத இடத்தில் சந்தேகம் விசாரணை செய்யத் தொடங்குகிறது. ‘உள்ளாள் இல்லாமல் இது நடக்காது’ என்று ஆபீசில் ஒரு பேச்சு எழுந்தது. மாலைக்குள் அது லயத்துக்கு வந்தது. லயத்தில் பழைய குடும்பத்தார், புதிதாக வந்த வங்காளதேசத் தொழிலாளர்களைப் பார்த்தார்கள். அவர்களோ, சென்ற மாதம் வேலையை விட்டு நின்ற ஓர் இளைஞனைச் சொன்னார்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் குழாய் வறண்டதும் ஒருவரையொருவர் திருடன் என்றார்கள். ஒருவரிடமும் ஓர் அத்தாட்சியும் இல்லை.

அடுத்தது நிருவாகத்தின் உத்தரவு. புல்வெட்டும் இயந்திரங்கள் இரண்டு தொழிலாளர் பொறுப்பில் இருந்தவை. ஒருவர் நம் பழைய ஆள், மற்றவர் வங்காளதேசத் தோழர். ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதற்குச் சாட்சி உண்டு. ஆயினும் ‘கவனக் குறைவு’ என்று சொல்லி, இயந்திரத்தின் விலையை மாதம் 80 வெள்ளி வீதம் இருவர் சம்பளத்திலும் பிடிக்கும்படி வாய்மொழியாக உத்தரவாயிற்று. அதைச் செக்ரோலில் எழுத வேண்டியவர் யார்? கிராணியாகிய நாமே.

கிராணிமாருக்குத் தனிச் சங்கம் உண்டு. தொழிலாளருக்குத் தனிச் சங்கம் உண்டு. ஆனால் பேனா ஒன்றுதான். அந்தப் பேனாவால் நம் மக்களின் சம்பளத்தில் எத்தனை அநியாயக் கோடுகள் இழுக்கப்பட்டன என்பது பழைய கிராணிமாரின் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே, எழுத்தில் உத்தரவு தந்தால் எழுதுகிறோம் என்று பணிவாகவே சொன்னோம். எழுத்தில் உத்தரவு வரவில்லை, வரவும் வராது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு எந்தெந்தக் காரணத்துக்குச் சம்பளத்தில் பிடிக்கலாம் என்று வரையறுத்துச் சொல்லுகிறது. தவறிக் கூடுதலாகக் கொடுத்த சம்பளம், முன்பணம், சட்டப்படி செலுத்தவேண்டிய சந்தா போன்றவை அதில் உண்டு. திருடன் கொண்டுபோன சாமானின் விலை அதில் இல்லை. தொழிலாளி குற்றம் செய்தான் என்று நிருவாகம் கருதினால் 14-ஆம் பிரிவுப்படி முறையான விசாரணை வைக்கட்டும். விசாரணைக்காக வேலையிலிருந்து நிறுத்தி வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது; அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்கவும் வேண்டும். விசாரணையில்லாத தண்டனையைச் சட்டம் ஒப்புக்கொள்ளவில்லை.

சம்பளம் தப்பியது. ஆனால் அந்த வங்காளதேசத் தோழர் ஒரு வாரம் வரை கண்ணில் பயத்தோடு நடமாடியதை நாம் மறப்பதற்கில்லை. போலீஸ் நிலையத்துக்கு வந்து, தாம் பூட்டியதைச் சொல்லும்படி கேட்டோம். அவருடைய கடப்பிதழ் அவர் கையில் இல்லை. பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பது தெரிந்தவர்களே பெட்டியில் பூட்டி வைக்கிறார்கள். கடப்பிதழ் இல்லாதவன் சாட்சி சொல்லப் போவானா? சாட்சி வராத வழக்கில் திருடன் அகப்படுவானா? இது நிருவாகத்துக்கே நட்டம் என்பதை யார் எடுத்துச் சொல்வது!

போலீசாரையே குறை சொல்லுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். அந்நிலையத்தில் நாம் கண்டது, ஒரு வண்டியும் மேசைக்கு ஓர் ஆளும்தான். அந்த ஒரு வண்டி பல தோட்டத்துக்கும், கம்பத்துக்கும், பட்டணத்துக்கும் ஓடுகிறது. இரவெல்லாம் விழித்திருந்த அந்தக் கான்ஸ்டபிளும் சம்பளக்காரனே. நமக்காவது குறையைச் சொல்லச் சங்கம் உண்டு. 1959-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் போலீசாருக்கு அந்த உரிமையையும் கொடுக்கவில்லை.

ஆனால், போலீசாரால் தோட்டத்துக்கு விரைவாக வர இயலாது என்பதை மட்டும் நம்மால் ஏற்க இயலாது. வந்த வரலாறு நமக்குத் தெரியும். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நம் மக்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது போலீசும் பட்டாளமும் வந்து சேர்ந்தன. துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் மாண்டனர். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட்டில் வெள்ளைத் துரைமார் கொலையுண்டு அவசரகாலம் பிறந்தபின், 1960 வரை எத்தனையோ தோட்டங்களில் முள்வேலியும், காவல் கொட்டகையும், ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் இருந்தார்கள். துரை பங்களாவுக்கு ஆபத்து என்றபோது தோட்டம் எட்டும் தூரத்தில் இருந்தது. லயத்துக்குத் தண்ணீர் இல்லை என்றால் மட்டும் அதே தோட்டம் எப்படி எட்டாத தூரத்துக்குப் போயிற்று?

அரச போலீஸ் படையைச் சீர்செய்ய அமைக்கப்பட்ட அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்ததெல்லாம் முறையீட்டு ஆணையத்தைப் பற்றிய வாக்குவாதம். காட்டுச் சாலையின் கடைசியில் இருப்பவன் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் மறைந்துவிட்டது.

ஒரு விஷயத்தைத் தோழர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். புகார் எழுதும்போது ‘சாமான் காணவில்லை’ என்று எழுதப்படுகிறதா, ‘களவு போயிற்று’ என்று எழுதப்படுகிறதா என்பதைப் பாருங்கள். நம்மவர்களுக்கு மலாயில் பேசத் தெரிந்தாலும், எழுதியதை வாசிக்கக் கூச்சம். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். காணாமற்போன சாமானை எவரும் தேடுவதில்லை. களவென்றால் அது தண்டனைச் சட்டத்தின் 379-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை உள்ள குற்றம். வாரண்டு இல்லாமலே பிடிக்கக்கூடிய குற்றம். நமது புகாரிலும் முதலில் ‘காணவில்லை’ என்றே இருந்தது. பூட்டு அறுபட்டதையும் தகரம் பெயர்க்கப்பட்டதையும் சொல்லி மாற்றச் சொன்னோம். எழுதியவர் முகம் சுளித்தார், ஆனால் மாற்றினார்.

இன்னொன்று. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107ஏ என்றொரு பிரிவு 2007 முதல் நடப்பில் இருக்கிறது. புகார் கொடுத்து நான்கு வாரம் ஆனபின், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று புகார் கொடுத்தவர் கேட்கலாம். கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலையப் பொறுப்பதிகாரி பதில் தரவேண்டும். தராவிட்டால் அரசாங்க வழக்கறிஞருக்கு எழுதலாம். இதைக் கேட்க வக்கீல் வேண்டாம், தலைவர் வேண்டாம். புகார் எண்ணும் ஒரு தாளும் போதும். எத்தனை கிளைகளில் இதைச் செய்திருக்கிறோம்? திட்டுவதற்கு நமக்குச் சோம்பலில்லை, எழுதுவதற்குத்தான் சோம்பல்.

பழைய இரும்புக் கடைக்காரர்களையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1946-ஆம் ஆண்டிலிருந்தே பழைய சாமான் வியாபாரிகளுக்குச் சட்டம் உண்டு. உரிமம் வேண்டும், வாங்கியதைப் புத்தகத்தில் பதிய வேண்டும். ரப்பர் வாங்குகிறவனும் ரப்பர் வாரியத்தின் உரிமம் பெற்றே வாங்க வேண்டும். தொழிலாளி ஒருவன் ஒரு வாளி ஒட்டுப்பாலைச் சைக்கிளில் கொண்டுபோனால் வழிமறித்துக் கேட்கிறார்கள். நடுஇரவில் உடைத்த மோட்டாரின் செப்பை எடை போட்டு வாங்கியவனிடம் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்க ஆளில்லை. எம் தோட்டத்திலிருந்து பட்டணம் போகும் சாலையில் அப்படிப்பட்ட கடைகள் நான்கு இருக்கின்றன. புகார் கொடுத்த அன்றே அந்த நான்கு புத்தகங்களையும் புரட்டியிருக்கலாம் அல்லவா? சேற்றைப் படம் பிடிப்பதைவிட அது எளிது.

நிருவாகத்தாருக்கும் ஒரு சொல். ஸ்டோருக்குப் பின்னால் எரியாத விளக்கைப் பற்றி இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தோம். இரவுக் காவலாளி இருவராக இருந்தவர், செலவு மிச்சமென்று ஒருவராக்கப்பட்டார். அவரும் ஓய்வு வயதைக் கடந்தவர், கையில் ஒரு டார்ச்சு லைட்டும் பிரம்பும்தான். அவரைக் குற்றம் சொல்ல எவனுக்கு மனம் வரும்? மிச்சம் பிடித்த அந்த ஒரு காவலாளியின் சம்பளத்தைத் திருப்பிப் பிடிக்கத்தான் இரண்டு தொழிலாளரின் தலையில் மாதம் 80 வெள்ளி விழப் பார்த்தது.

பத்தாம் நாள் புதிய மோட்டார் வந்தது. தண்ணீரும் வந்தது. குழாயடியில் பேச்சு வார்த்தை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ஒரு சில வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் குடம் எடுத்துச் செல்லுகிறார்கள். புல்வெட்டும் இயந்திரங்களின் எண்களை இப்போது நாம் ஒரு நோட்டில் எழுதி, படமும் எடுத்து வைத்திருக்கிறோம். முன்பே செய்திருக்க வேண்டும்; செய்யாதது கிராணியின் குற்றமே, ஒப்புக்கொள்கிறோம்.

நான்கு வாரம் கழிந்த மறுநாளே நிலை அறிக்கை கேட்டு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். சட்டம் சொல்லும் இரண்டு வாரம் வருகிற செவ்வாய்க்கிழமையோடு முடிகிறது. அரசாங்க வழக்கறிஞருக்கு எழுதவேண்டிய கடிதத்தைத் தட்டச்சு செய்து மேசை அறையில் வைத்திருக்கிறோம். தேதி மட்டும் இன்னும் போடவில்லை.